மக்கிக் கிடங்குகளும் நான் கீறிய இரண்டு வரைபடங்களும்

வழுக்கையாற்றங்கரையில் பூங்கா போட்டுத் தரச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். 2019 ஆவணி மாதம். கூப்பிட்டது ஒரு கிராமத்துச் சனசமூக நிலையம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கொஞ்சம் காசு அனுப்பியிருந்தார்கள், அதை ஏதாவது கண்ணுக்குத் தெரிகிற காரியத்தில் போட வேண்டும் என்பது இவர்களுக்கு அவசரம். நான் யாழ்ப்பாண நகரைச் சுற்றி வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுப்பவன். புல் பதிப்பேன், இன்டர்லொக் கல் பதிப்பேன், விருந்தினர் விடுதிகளின் முற்றத்தில் குட்டிக் குளம் கட்டி அதில் அல்லி விடுவேன். ஆறு குளம் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறா என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். தொண்டைமானாறு, உப்பாறு என்று பேரில் ஆறு வைத்திருப்பதெல்லாம் கடல்நீரேரிதான். குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்று. அதுவும் மழைக்கு ஓடுகிற ஆறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தைக் குளம் குளமாக வாங்கிக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக இறங்கி அராலியில் கடல்நீரேரியில் சேரும். மாரி முடிந்தால் வயல் நடுவில் ஒரு பள்ளமான கோடு, அவ்வளவுதான். மாடு மேயும், பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

எனக்குக் காட்டிய இடம் அந்த ஆற்றின் கைவிடப்பட்ட ஒரு பழைய கிளை. எப்போதோ வாய்க்காலை நேராக வெட்டியபோது இந்த வளைவு தனியே விடுபட்டிருக்கிறது. நீளம் ஒரு 280 மீற்றர், அகலம் 20 முதல் 25 வரை, எல்லாமாக 24 பரப்பு அளவில் வரும் (பரப்பு எங்கள் நில அளவு, ஏறக்குறைய 250 சதுர மீற்றர்). போர் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வீடும் மதிலும் ரோட்டும் போடத் தொடங்கிய காலத்தில் இங்கே மக்கி தோண்டியிருக்கிறார்கள். மக்கி என்றால் தெரியாதவர்களுக்கு: சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே கிடக்கும் வெள்ளை நிறத்து உதிர்ந்த படை, அத்திவாரம் நிரப்பவும் ஒழுங்கை போடவும் அதைவிடத் தோதான சாமான் இங்கே இல்லை. இரவில் டிப்பர் வரும், விடியுமுன் போய்விடும். ஐந்தாறு வருசத்தில் மூன்று கிடங்கு. முதலாவது 6 அடி ஆழம், இரண்டாவது 11 அடி, அதன் அடியில் கல்லையே உடைத்திருந்தார்கள், மூன்றாவது 18 அடி, அதில் கோடையிலும் தண்ணீர் நின்றது. கிடங்குகளுக்கு இடையில் வேண்டாத மண்ணைக் கொட்டிய திட்டிகள், அவற்றில் பார்த்தீனியம், உடைந்த ஓடு, பம்பேர்ஸ், பொலித்தீன்.

முதல் வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். திட்டிகளைத் தட்டி மட்டமாக்கி முதல் கிடங்கை நிரப்பிப் புல், அதைச் சுற்றி நடைபாதை, இரண்டாவது கிடங்கில் கறுப்புப் பொலித்தீன் விரித்துத் தாமரைக் குளம், மூன்றாவதைச் சுற்றிக் கம்பி வேலி, போகன்விலா, மே பிளவர் மரம், ஆட்கள் இருக்க நாலு சீமெந்து வாங்கு. வெள்ளம் போக ஓரமாக இரண்டு அடி அகலத்தில் ஒரு வாய்க்கால்! அந்த இரண்டடியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2020 பூராகவும் கொரோனாவால் வேலை விட்டு விட்டு நடந்தது. ஐப்பசிக்குள் புல் பதித்து முடித்தோம். பதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு ஆச்சி ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்து வரம்பில் நின்றார்.

"தம்பி, உதில புல்லுப் பதிக்கிறியளோ? வெள்ளம் உந்த வழியாலதான் வரும்."

"ஆச்சி, வெள்ளத்துக்கு அங்கால வாய்க்கால் வெட்டியிருக்கிறம்."

"அது நீங்கள் வெட்டின வாய்க்கால். வெள்ளத்துக்கு உது தெரியுமே?"

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் புல்லைக் காணவில்லை. இரண்டாவது கிடங்கின் அடியில் சுருட்டிய பாய் மாதிரிக் கிடந்தது. பொலித்தீன் அடியில் தண்ணீர் ஏறி ஊதி, பலூன் போலக் கிளம்பிப் பக்கத்துப் பூவரசில் மாட்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. கிடங்கு இருந்த இடத்தில் மட்டுமல்ல, அதற்கு மேற்பக்கம், யாரும் கை வைக்காத பழைய ஆற்றுப் படுகையில் 40 அடி நீளத்துக்குப் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்து வயலின் வரம்பும் அதில் போய்விட்டது. வயல்காரர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு நட்டம் கொடுத்தோம், அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த 40 அடிதான் எனக்குப் பாடம் எடுத்தது. படுகையில் கிடங்கு இருந்தால் வெள்ளம் அதன் மேல் விளிம்பில் அருவி மாதிரி விழும். விழுகிற இடத்தில் அரிக்கும், விளிம்பு இடிந்து பின்னால் போகும், அடுத்த மழைக்கு இன்னும் பின்னால். ஊர் ஆட்கள் "வெள்ளம் அரிச்சுக்கொண்டு மேல ஏறுது" என்பார்கள், அவ்வளவு சரியான விளக்கத்தை நான் பிறகு வாசித்த எதிலும் பார்க்கவில்லை. கிடங்கு தோண்டியவன் போய்ப் பத்து வருசமானாலும் கிடங்கு தன்பாட்டில் மேல்நோக்கி நடந்துகொண்டே இருக்கும். கீழ்ப்பக்கத்தில் வேறு கூத்து. மண்ணெல்லாம் கிடங்கிலே தங்கிவிடுவதால் வெளியே போகிற தண்ணீர் வெறுந்தண்ணீராகப் போகும், போகிற வழியில் கரையைக் கிள்ளி மண்ணை எடுத்துக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் கிளிநொச்சிப் பக்கம் கனகராயன் ஆற்றில் மணல் அள்ளிய இடங்களுக்குப் போங்கள். நான் 2021 பங்குனியில் ஒரு நண்பரின் மோட்டார் சைக்கிளில் போனேன். ஆளுயரத்துக்கு வேர் வெளியே தொங்க மருத மரங்கள் நிற்கின்றன, அடியில் மண் இல்லை.

ஆகவே முதல் பாடம். பூவைப் பற்றி யோசிக்குமுன் மேல் விளிம்பைப் பிடியுங்கள். அது நகர்வது நிற்காமல் கீழே என்ன செய்தாலும் காசை ஆற்றில் போடுவதுதான், எங்கள் விசயத்தில் பழமொழியாக அல்ல, உண்மையாகவே போட்டோம்.

இரண்டாவது பாடம் தண்ணீர் எங்கே போகிறது என்பது. இதுதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சங்கதி. இந்தியாவிலோ தெற்கிலோ ஆற்றுக் கிடங்குக்குச் சொல்கிற யோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கெட்டோம். நமக்கு அடியில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புக் கல், பொந்தும் வெடிப்புமாக. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு விளங்கும், மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. குடாநாடு முழுக்கவே அப்படித்தான், மழை நீர் ஒரு வில்லை மாதிரி உப்பு நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு ஏறக்குறைய 1-க்கு 40. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். அந்த ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும் என்று பொருள். நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக இராது, ஆனால் திசை அதுதான். வருசத்தில் விழுகிற 1200, 1300 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் விழுந்துவிடுகிறது. அதைக் கீழே இறக்குகிற வாசல்கள் இந்தக் குளங்களும் வழுக்கையாறும். அதன் படுகையில் பொலித்தீன் விரிக்கப் போனவன் நான்.

2021-ல் வேலை செய்யக் காசும் இல்லை, மனமும் இல்லை. அந்த வருசம் பூராக அளந்துகொண்டு திரிந்தேன். ஒரு அளவு நாடா, தண்ணீரின் மின்கடத்துதிறன் பார்க்கும் பேனை அளவு மீற்றர் ஒன்று, ஒரு கொப்பி. மாதம் இரண்டு தடவை மூன்றாவது கிடங்கிலும் சுற்றியிருந்த ஐந்து கிணறுகளிலும் நீர்மட்டமும் உப்பும். எண் கூடினால் உப்புக் கூடுகிறது, அவ்வளவுதான் தெரிய வேண்டும். கிடங்கில் தை மாதம் 1.4 காட்டியது, புரட்டாதியில் 3.1. தள்ளியிருந்த கிணறுகளில் இவ்வளவு ஏறவில்லை, கிடங்குக்குக் கிட்டிய கிணறு மட்டும் பின்னாலேயே ஏறியது. காரணம் சின்னக் கணக்கு. திறந்து கிடக்கும் தண்ணீர்ப் பரப்பு ஏறக்குறைய இரண்டு பரப்பு, வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 2500 லீற்றர் போகிறது. இரண்டு நாளுக்கு ஒரு 5000 லீற்றர் பவுசர் தண்ணீரை ஊர்க் கிணறுகளிலிருந்து இறைத்து வானத்துக்கு விடுகிற மாதிரி. அதனால்தான் ஆழமான கிடங்கை இன்னும் வெட்டிக் "குளமாக்குவோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே போன கிடங்கு குளம் இல்லை. மூடி இல்லாத கிணறு.

காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல் உடைத்த பெரிய பள்ளங்களையும் போய்ப் பார்த்தேன். அந்தத் தொழிற்சாலை 1950-ல் தொடங்கியது, 1990-ல் போரால் நின்றது. நாற்பது வருசம் தோண்டிய இடம். கரையில் நின்றால் எங்கள் கிடங்கு கோப்பை மாதிரி. அங்கே என்ன செய்யலாம் என்று சொல்ல எனக்கு அறிவில்லை, ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: யாரும் நடாமலே சரிவான பக்கத்தில் வேம்பும் பனையும் ஏறியிருந்தன, செங்குத்தாக நின்ற பக்கம் முப்பது வருசமாகியும் வெறும் கல். சரிவு இருந்தால் மரம் தானே வரும். எங்கள் இரண்டாவது வரைபடத்தில் பாதி அன்றைக்கு அங்கே கீறியதுதான்.

அந்த இரண்டாவது வரைபடத்தில் பூங்கா இல்லை. சனசமூக நிலையக் கூட்டத்தில் காட்டியபோது தலைவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கு எங்க தம்பி?" என்று கேட்டார். கடைசியில் ஒரு வாங்கு போட்டுக் கொடுத்தேன். காசு அனுப்பியவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமே, அதையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இனி வேலை. 2022 வைகாசியில் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் பேசியிருந்தோம், அந்த நேரம் பார்த்து நாட்டில் டீசல் இல்லை. எரிபொருள் வரிசையில் பெக்கோக்காரர் இரண்டு நாள் நின்று வெறும் கானோடு திரும்பினார். மண்வெட்டியால் தொடங்கினோம், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அது நல்லதாகப் போனது என்று இப்போது சொல்வேன். பெக்கோ என்றால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கலக்கியிருக்கும். கையால் வெட்டியபோதுதான் பழைய படுகையின் வெட்டுமுகம் தெரிந்தது. மேலே ஒரு முழம் கருங்களி, அதில் நத்தை ஓடுகள், கீழே மக்கி, அதற்கும் கீழே கல். அந்தக் களிப் படைதான் இத்தனை காலமும் வெள்ளத்தை மெதுவாக வடித்து இறக்கியிருக்கிறது. கிடங்கு தோண்டியவர்கள் அதைக் கிழித்துத் திட்டியில் கொட்டிவிட்டார்கள். இரண்டாவது கிடங்கின் அடியில் உடைத்த கல்லில் ஒரு பொந்து, மழைத் தண்ணீர் அதற்குள் குடு குடு என்று இறங்கும். ஊரில் சிலருக்கு அதில் பெருமை, "எங்கட கிடங்கு எவ்வளவு தண்ணியையும் குடிக்கும்" என்று. மேல்பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் மருந்தும் அதோடு சேர்ந்து வடிகட்டாமல் கிணற்றுக்குப் போகிறது என்று சொன்னபோது அந்தப் பெருமை கொஞ்சம் அடங்கியது.

ஆகவே திட்டம் இப்படிப் போயிற்று. முதல் கிடங்கு வண்டல் தங்குகிற இடம். திட்டிகளில் கிடந்த களியை அள்ளி வந்து அடியில் ஒரு முழத்துக்குப் பரப்பி மிதித்தோம், அதில் வெள்ளம் ஒரு நாள் இரண்டு நாள் நின்று மண்ணை விட்டுவிட்டுப் போகட்டும் என்று. இரண்டாவது இறங்குகிற இடம். பொந்தை அடைக்கவில்லை. அதன் மேல் பெரிய கல், அதற்கு மேல் சல்லி, அதற்கும் மேல் மணல், சுற்றிக் கோரையும் வெட்டிவேரும். மூன்றாவது கிடங்குக்கு ஓடுகிற வெள்ளத்தை விடாமல் சின்ன வரம்பு கட்டிச் சரிவை மட்டும் திருத்தினோம்.

மேல் விளிம்பில் கல் படிகள். அங்கேயே கிடந்த சுண்ணாம்புக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு அடிக்குக் குறையாதவை, ஒரு அடி உயரத்துக்கு ஒரு படியாக ஐந்து படிகள். முதல் தடவை கட்டியபோது இரண்டு பிழை விட்டேன், கட்டப் போகிறவர்கள் கவனியுங்கள். கல்லுக்கு அடியில் நேரே மண். தண்ணீர் கல்லின் இடுக்கால் மண்ணை உறிஞ்சி எடுத்துக் கல் கீழே உட்கார்ந்துவிட்டது. அடியில் கைமுட்டி அளவுக் கல்லும் அதற்குக் கீழே சல்லியும் போட வேண்டும். மற்றது, படியின் இரண்டு பக்க நுனியும் கரையோடு நின்றுவிட்டது. வெள்ளம் கல்லைத் தொடாமல் கரையைச் சுற்றிப் போயிற்று, ஆச்சி இதற்கும் வந்து நின்று பார்த்தார், நல்ல காலம் ஒன்றும் சொல்லவில்லை. நுனியைக் கரைக்குள் நாலு அடிக்குக் குறையாமல் புதைத்து நடுவை முக்கால் அடி தாழ்த்தினால் தண்ணீர் நடுவால்தான் போகும்.

சரிவுக்கு எங்கள் அளவு மூன்றுக்கு ஒன்று, மூன்று அடி தள்ளிப் போனால் ஒரு அடி இறங்கும். மூன்றாவது கிடங்கில் தண்ணீர் விளிம்பில் மட்டும் ஆறடி அகலத்துக்கு முழங்கால் ஆழத்தில் ஒரு தட்டு விட்டோம். இது வடிவுக்காக இல்லை. மக்கிக் கிடங்கில் வழுக்கினால் ஏறிவர முடியாது, ஈர மக்கி சவர்க்காரம் மாதிரி, பிடிக்க ஒரு செடியும் இராது. பிள்ளை வழுக்கினாலும் கால் ஊன்ற இடம் வேண்டும். முதல் வரைபடத்தில் நான் போட்ட கம்பி வேலியைப் பெடியள் ஒரு கிழமையில் வளைத்திருப்பார்கள். தட்டில் கோரை வந்த பிறகு கெண்டைக் குஞ்சு ஒதுங்கியது, நுளம்பும் குறைந்தது. பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி தேடிப் பார்த்துவிட்டுப் போனார். கிடங்கில் பெரிதாக இல்லை, வேலிக்கு வெளியே கிடந்த யோகட் கோப்பைகளில் இருந்தது.

செடிகள் பற்றிச் சொல்லாமல் விட்டால் தோட்டக்காரன் என்ற பேருக்கு இழுக்கு. திட்டி மண் முழுக்கச் சுண்ணாம்பு. அதில் நாற்றுப்பண்ணைச் செடி எதை வைத்தாலும் ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காத நிலை அது. உரம் போட்டு மாற்ற முடியாது. நம் ஆட்கள் பரம்பரையாகச் செய்கிற குழை தாழ்ப்புத்தான் கை கொடுத்தது, பூவரசங் குழை, கிளிசரியா, பழைய பனையோலை. கிடங்கு வெட்டிப் படையாகப் போட்டு மண்ணால் மூடி ஒரு மாரி விட்டுவிட வேண்டும். 2021-ல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது குழைக்கு இருந்த அடிபாட்டைச் சொல்லி மாளாது, வேலியில் நின்ற குழையை இரவில் வெட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருசக் கடைசியில்தான் எங்களுக்கு ரக்டர் கணக்கில் கிடைத்தது.

மருது 24 கன்று வைத்தோம், 15 நிற்கிறது, எல்லாம் ஈரம் எட்டுகிற கீழ்ச் சரிவில். மேலே வைத்தவை போய்விட்டன. இலுப்பை மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. புங்கு நல்லது. வேம்பை நட வேண்டியதே இல்லை, காகம் பார்த்துக்கொள்ளும். நொச்சி கரைக்குக் கெட்டிக்காரி, ஆடும் பெரிதாகத் தொடாது. வெட்டிவேரைக் கோட்டுக்குக் கோடு நெருக்கமாக வைக்க வேண்டும், விரல்கடை இடைவெளி விட்டாலும் தண்ணீர் அந்த இடைவெளியைத்தான் தேடும். இபில் இபில் வேண்டவே வேண்டாம், கெதியாக வளரும் என்று சொல்லித் தருவார்கள், பிறகு அதைத் தவிர ஒன்றும் இராது. மே பிளவர் இரண்டு இன்னும் உயிரோடு நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

பனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கன்றாகக் கேட்டு அலைந்தேன். பனங்கன்றைப் பிடுங்கி நட முடியாது என்பது ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும், கிழங்கு பிடுங்கித் தின்று வளர்ந்த எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. முளை முதலில் கீழேதான் போகிறது, ஒரு முழம் இறங்கிக் கிழங்கான பிறகுதான் மேலே ஓலை. அந்தக் குணம்தான் கரைக்கு வேண்டியது. ஆவணி புரட்டாதியில் விழுகிற பனம்பழத்தின் விதையை மழைக்கு முன் இருக்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிட வேண்டும். 2022-ல் 600 விதை போட்டோம். தையில் போய்ப் பார்த்தால் ஒரு வரிசை முழுக்கக் கிண்டியிருந்தது. பன்றியோ என்று பார்த்தால், ஊர்ப் பெடியள் கிழங்கு அவிக்கப் பிடுங்கியிருக்கிறார்கள். கோபிக்க முடியவில்லை, நல்ல கிழங்கு என்று எனக்கும் ஒரு கட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருசம் கிழங்குக்கு என்று தனியாக ஒரு பாத்தி போட்டுக் கொடுத்தோம், கரையில் போட்டதைத் தொடவில்லை.

ஆடுதான் பெரிய பிரச்சினை. முதல் மாரியில் வைத்தவற்றில் பாதி ஆச்சியின் ஆடுகளின் வயிற்றில். கம்பி வேலிக்குக் காசு இல்லை. கிளுவைக் கதியாலை, அதாவது நட்டால் துளிர்க்கும் வேலித் தடியை, மழைக்கு முன்னம் நெருக்கி நட்டு இடையில் பூவரசு, முதல் வருசம் மட்டும் பனையோலையால் அடைத்தோம். பிறகு ஒரு யோசனை வந்தது, ஆச்சியிடமே பொறுப்பைக் கொடுத்தோம். உள்ளே வளர்கிற புல்லை அறுத்துக்கொண்டு போகலாம், ஆடு உள்ளே வரக்கூடாது. இப்போது மற்றவர்களின் ஆடு கிட்ட வந்தால் ஆச்சி பேசுகிற பேச்சை எழுத முடியாது.

கடுதாசி வேலை பற்றி: தொடங்குமுன் கிராம சேவையாளர், பிரதேச செயலகம், பிரதேச சபை, கமநல சேவை நிலையம் எல்லாவற்றிலும் எழுத்தில் வாங்குங்கள். ஆற்று ஒதுக்கு நிலத்தில் நல்லது செய்தாலும் அத்துமீறல்தான். முக்கியமாக, மண்ணை ஒரு கியூப்கூட வெளியே ஏற்றக் கூடாது. 100 கன அடிதான் ஒரு கியூப், கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் "தூர் வாருகிறோம்" என்று சொல்லி மக்கி விற்கிற கதை நாட்டில் நிறைய நடப்பதால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். எங்களிடம் ஒரு டிப்பர் முதலாளி வந்து இலவசமாகவே கிடங்கை நிரப்பித் தருகிறேன் என்றார். என்னத்தால் என்று கேட்டால் இடித்த வீட்டுக் கழிவு, அதோடு வேறென்னவோ. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது, சண்டையே வந்தது. நான் கொப்பியை எடுத்து ஐந்து கிணற்றுக் கணக்கையும் வாசித்தேன். எந்தக் கிணறு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். கிட்டிய கிணற்றுக்காரரின் மனைவி எழும்பி, "அப்ப குப்பையை எங்கட கிணத்துக்கயே நேர கொட்டுங்கோவன்" என்றா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அளந்த வருசம் வீண் போகவில்லை.

2024 கார்த்திகைக் கடைசியில் அந்தப் பெரிய மழை. யாழ்ப்பாணத்தில் பாதி ஊர் தண்ணீருக்குள். நான் இரண்டு நாள் வெளியே போக முடியாமல் வீட்டில் இருந்து யோசித்ததெல்லாம் அந்த ஐந்து படிகளைத்தான். தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தேன். முதல் கிடங்கில் நாலு விரல் வண்டல், ஒரு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் கதிரை. இரண்டாவது கிடங்கில் வெள்ளம் முன்பு மாதிரிக் குடு குடு என்று இறங்கவில்லை, நாலு நாள் எடுத்தது, அப்படித்தான் இறங்க வேண்டும். வெட்டிவேரில் ஒரு வரிசை படுத்துக் கிடந்தது, பிறகு நிமிர்ந்துவிட்டது. மேல் விளிம்பு நின்ற இடத்திலேயே நின்றது. கிட்டிய கிணற்றில் அடுத்த புரட்டாதியில் உப்பு கொஞ்சம் குறைவாகக் காட்டியது, ஆனால் ஒரு நல்ல மாரிக்குப் பிறகு எங்கேயும் குறையும்தானே, அதை எங்கள் வேலையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. இன்னும் ஐந்தாறு வருசம் அளக்க வேண்டும்.

பூங்கா என்று கேட்டு வருகிறவர்களுக்கு அந்த இடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு வாங்கு, கோரை, முழங்கால் உயரத்துக்குப் பனை ஓலைகள், மருது நிழல் விழ இன்னும் காலம் கிடக்கிறது. பின்னேரத்தில் கொக்கு வருகிறது. தலைவர் அந்த வாங்கில் இருந்து தினமும் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்புகிறார்.

மூன்றாவது படியின் நடுக்கல் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது, போன கிழமை மட்டம் வைத்துப் பார்த்தேன். ஐப்பசிக்கு முன் தூக்கி அடியில் சல்லி போட வேண்டும். ஆறு பேரும் இரண்டு அலவாங்கும் இருந்தால் ஒரு காலைப்பொழுது வேலை. ஆச்சி தேத்தண்ணி தருவதாகச் சொல்லியிருக்கிறா.